குளம் எல்லோருக்கும் திறந்திருந்தது



அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெத்சதா குளத்தை நீங்கள் அறிவீர்கள். ஐந்து மண்டபங்கள் கொண்ட அக்குளத்தருகே நோயாளர் திரளாகக் கிடந்தனர். நீர் கலங்கும்போது முதலில் இறங்குபவன் சுகமடைவான் என்பது அவர்களது நம்பிக்கை. யாரும் அங்கே கட்டணம் கேட்டதாக நற்செய்தி கூறவில்லை. ஆயினும் 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவனால் அந்த நீரை எட்ட முடியவில்லை. தன்னை இறக்கிவிட ஆளில்லை என்பதே ஆண்டவரிடம் அவன் சொன்ன காரணம். இவனுக்கு அநீதி இழைத்தவர் யார்? ஒருவருமில்லை என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட முடியுமா?

இக்கேள்வியை இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கணக்கு என் முன் வைத்தது. அந்நாட்டில் 1948 ஜூலை முதல் வைத்தியம் இலவசம். 2006இல், பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 60 வயதைத் தாண்டியோரின் வீட்டுக்கே தபாலில் ஒரு சிறு பொதி வரும். மலத்தில் சிறிதளவை எடுத்து அட்டையில் தடவித் திருப்பி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா எனப் பார்த்துச் சொல்வார்கள். ஒரு சதமும் செலவில்லை. ஆனால் முதல் 26 இலட்சம் அழைப்புகளைக் கணக்கிட்டபோது, வசதி மிகுந்த பகுதிகளில் நூற்றுக்கு 61 பேரும், வறுமை மிகுந்த பகுதிகளில் நூற்றுக்கு 35 பேருமே அனுப்பியிருந்தனர்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தமானது. இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு தசைக்கட்டியாகத் தோன்றி, புற்றாக மாறப் பத்தாண்டுகள் வரை எடுக்கும். ஆரம்பக் கட்டத்தில் கண்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். வேறு உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டால் பத்தில் ஏறக்குறைய ஒருவரே. குடல் அடைபட்டு, அவசர சிகிச்சைக்கு ஓடும்போதுதான் நோயை அறிகிறவர்களில் ஏழைகளின் பங்கு அதிகம். ஏனைய வியாதிகளும் புகைப்பழக்கமும் சேர்ந்து, சத்திரசிகிச்சையைத் தாங்கும் பலத்தையும் குறைத்துவிடுகின்றன.

"பொதி வீட்டுக்கு வந்தது, இலவசமாக வந்தது, அனுப்பாதது அவர்கள் குற்றம்" என்பார் சிலர். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மனிதனுக்குச் சுயாதீனம் உண்டு. ஏழை சூழ்நிலையின் பொம்மையல்லன். அப்படிக் கருதுவது அவனை அவமதிப்பதாகும். அந்த 35 பேரும் ஏழைகளிடையே வாழ்ந்தவர்கள்தானே.

ஆனால் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். முதலில் இருந்த சோதனைக்கு மூன்று தடவை மலங்கழிக்கும்போது மாதிரி எடுக்கவேண்டும். 2014இல், ஒரே தடவை எடுத்தால் போதுமான புதிய சோதனையைப் பரீட்சித்தார்கள். அனுப்பியோர் தொகை நூற்றுக்கு 59இலிருந்து 66 ஆகியது. வறிய பகுதிகளிலும் உயர்ந்தது; இடைவெளி முற்றாக மறையவில்லை என்பதும் உண்மை. மனிதர் மாறவில்லை, சுமைதான் குறைந்தது. எனவே அசட்டை என்று நாம் பெயரிட்டதில் ஒரு பகுதி பாரமாகவே இருந்திருக்கிறது! இரவு வேலை செய்பவனையும், பல குடும்பத்தோடு ஒரே கழிவறையைப் பகிர்பவளையும், புற்றுநோய் என்றாலே மரணம் என்று கண்டு வளர்ந்தவரையும் நினைத்துப் பாருங்கள். நம் நாட்டிலும் அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமில்லை. ஆனால் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி தெல்லிப்பழைக்கு வந்துபோகும் நாளில் வலை வீச முடியாது.

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதே நீதியென்று புனித தோமஸ் அக்குவினாஸ் போதிக்கவில்லை. பங்கிட்டளிக்கும் நீதி விகிதத்தைப் பார்ப்பது என்றே, அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, அவர் விளக்கினார். பாப்பரசர் 23ஆம் அருளப்பரும் 1963இல் வெளியிட்ட சுற்றுமடலில் வைத்திய வசதியை மனித உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தார். உரிமை என்றால், அது உரியவனைச் சென்றடைந்ததா என்று பார்ப்பதும் கொடுப்பவரின் கடமையே.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றில் பணிபுரிந்த டாக்டர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் இதைக் கண்டவர். வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். அவர் பொதுவுடைமைவாதி, நம்மவரல்லர். ஆனாலும் நோயாளி வரும்வரை காத்திராமல், தம் பொறுப்பிலிருந்த எல்லோரது இரத்த அழுத்தத்தையும் தேடித்தேடி அளந்தார். ஆண்டவரும் அந்த மண்டபத்துக்கு அழைப்பின்றியே சென்றார் என்பது எனக்கு நினைவு வருகிறது.

குருமடத்தில், வெல்லக்கூடிய அறியாமை, வெல்லமுடியாத அறியாமை என்று இரண்டைப் படித்தோம். 61, 35 என்ற எண்கள் அச்சில் வந்தபின், அறியோம் என்று அதிகாரிகள் சொல்ல இயலாது. நாமும்தான்.

உங்களில் பலருக்கு லண்டனிலே வயது முதிர்ந்த உறவினர் உண்டு. இப்போது 50 வயதுக்காரருக்கும் அந்தப் பொதி வருகிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெரியம்மா அதை விளம்பரத் தபாலென்று ஒதுக்கி வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேட்டுப் பாருங்கள். இங்கே இருப்பவர்களோ, மலத்தில் இரத்தம் கண்டால் மூலவியாதி என்று தாமே தீர்மானித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடாமல், கிளினிக்கிற்குப் போகட்டும். தனியே போகத் தயங்குகிறவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.