பழையபடி

ஓடாத இயந்திரம் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. கொட்டிலின் மூலையில் தூசி படிந்து கிடக்கும்வரை அது வெறும் இரும்பு. அதைத் துடைத்து, கழற்றிப் பூட்டி, ஓடவைத்து ஒருவரின் கையில் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அதன் பயனும் ஆபத்தும் ஒன்றாக உயிர்பெறுகின்றன. அப்படியென்றால் திருத்திக் கொடுத்தவனுக்கு அந்த ஆபத்தில் எவ்வளவு பங்கு? நாம் நேசிக்கும் ஒருவர் ஆபத்தான ஒன்றை நம்மிடம் கேட்டால், அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டுமா, அவருக்கு நல்லது என்று நாம் நினைப்பதைக் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி என்னிடம் வந்தது மரம் அரியும் ஒரு பழைய சங்கிலி வாளின் வடிவத்தில்.

என் சித்தப்பா 1980களில் நோர்வேக்கு வந்தவர். அந்தக் காலத்தில் வந்த எங்களவர் பலரையும் போல அவரும் வடகோடியில் ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தார். பிறகு தெற்கே, சுவீடன் எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதியில் ஒரு பழைய மரவீட்டை வாங்கிக் குடியேறினார். பக்கத்து வீட்டில் ஒரு நோர்வேஜிய முதியவர் தனியே இருந்தார். சித்தப்பாவைக் காட்டுக்குள் கூட்டிப்போய் மரம் அரியவும், பிளக்கவும், விறகை அடுக்கவும் பழக்கியவர் அவர்தான். இந்த நாட்டில் விறகு சின்ன விடயம் இல்லை. 2013இல் தேசியத் தொலைக்காட்சியான என்ஆர்கே விறகைப் பற்றியே 12 மணிநேரம் நிகழ்ச்சி நடத்தியது. அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் சண்டை பிடித்தார்கள். சித்தப்பா நோர்வேஜிய மொழியைப் பாதி மீன் தொழிற்சாலையிலும் மீதியை அந்த விறகுக் குவியலின் பக்கத்திலும்தான் படித்தார். முதியவருக்கு ஏலாமல் போனபோது தன் வாளைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அது 1960களில் செய்த ஒரு 'ஜோபு'. ஒஸ்லோ குடாவின் கரையில் இருக்கும் துரோபாக்கில் உருவான நோர்வேஜியத் தயாரிப்பு. தொடங்கியவர்கள் யோன்சன், பூஸ்க் என்ற இருவர். அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததே அந்தப் பெயர். 1970களின் கடைசியில் நிறுவனம் சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் குழுமத்துக்குள் போனது. பின்னர் பெயரும் மறைந்துவிட்டது.

வாள் நின்றுபோய்ப் பத்து வருடங்களுக்கு மேல். பிள்ளைகள் பற்றரியில் ஓடும் புதிய வாள் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் பாவித்தார், ஆனால் பிடிக்கவில்லை. போன மாரி தொடங்க முன்னர், 74 வயதில், பழைய வாளை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் காரின் பின்பக்கத்தில் வைத்தார். "தம்பி, உதை ஒருக்கா பழையபடி ஓட வைச்சுத் தா" என்றார்.

பழுதுபார்க்கிற பழக்கம் எனக்கு யாழ்ப்பாணத்தில் வந்தது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் நான் சிறுவனாக இருந்தேன். பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை நாலைந்து துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். எஞ்சின் கெடும், புகை நெஞ்சை அடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அது சரியா என்று யாரும் கேட்கவில்லை. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேறு வழியில்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே தேவை எங்களுக்காக முடிவெடுத்தது. இங்கே, சூடில்லாத ஒரு கராஜில், வேலை முடிந்த பின் பொழுதுபோக்காகத் திருத்துகிற எனக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

திருத்துவது கடினமாக இருக்கவில்லை. பெற்றோல் குழாய் கல்லாக இறுகி, தொட்டவுடன் முறிந்தது. தாங்கியின் அடியில் பழைய பெற்றோல் குங்கிலியம் போல உறைந்திருந்தது. காபுரேற்றருக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எஞ்சினின் அழுத்தத் துடிப்பில் அது துடித்துப் பெற்றோலை இழுக்கும். சங்கிலி வாளைச் சரித்தாலும் கவிழ்த்தாலும் நிற்காமல் ஓடுவது அந்தச் சவ்வினால்தான். மிதவை வைத்த மோட்டார் சைக்கிள் காபுரேற்றரால் அது ஏலாது. சவ்வு பொரித்த அப்பளம் போல விறைத்திருந்தது. புதியது போட்டேன். சுழல் சக்கரத்தைக் கழற்றி, அதன் கீழே மின்பொறிக்கான தொடுமுனைகளை மெல்லிய அரத்தாளால் உரஞ்சி, இடைவெளியை 0.4 மில்லிமீற்றருக்கு வைத்தேன். சிலிண்டரில் கீறல் இல்லை. எண்ணெய் கசியும் சீல்களை அளவு பார்த்து மாற்றினேன். பெப்ரவரியின் ஒரு பின்னேரம் ஏழாவது இழுவையில் அது இருமியது, பத்தாவதில் கத்தியது.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அதில் இல்லாத ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைய வாள்களில் முன்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அது கைக்காப்பு, அதோடு பிரேக்கும்கூட. வாள் அலகின் நுனியில், மேல்பாதி எதிலாவது பட்டால், ஓடும் சங்கிலி அங்கே கௌவி, அலகு முழுவதையும் மேலே, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியும். அதைக் கையால் தடுக்க மனிதருக்கு நேரம் போதாது. அந்த எறிவிலேயே தானாகச் சங்கிலியை நிறுத்துவதுதான் பிரேக்கின் வேலை. 1970களின் முற்பகுதியில்தான் அவை வரத் தொடங்கின. இந்த வாள் அதற்கு முந்தியது. அதில் பொருத்த அப்படி ஒன்று கிடையாது. ஆகவே 'பழையபடி' என்று அவர் கேட்டதைச் செய்தால், பழைய ஆபத்தையும் பழையபடியே கொடுக்க வேண்டும். அதுவும் 1980களில் அதைத் தூக்கிய ஒரு முப்பது வயதுக்காரருக்கு அல்ல.

அப்போது எனக்கு வந்த முதல் எண்ணம் மிக எளிமையானது. சவ்வைத் திரும்பவும் கழற்றிவிட்டு, "சாமான் கிடைக்கேல்லை சித்தப்பா, இனி உது சரிவராது" என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். கொஞ்சம் மனம் வருந்துவார். வாள் அலுமாரிக்கு மேலே ஒரு நினைவுப் பொருளாக ஏறும். யாருக்கும் காயம் இல்லை.

இப்படிப்பட்ட பொய்க்கு எங்களிடம் பெரிய இடத்து அனுமதி இருக்கிறது. வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் கான்ட் இதற்கு நேர்மாறாக நிற்கிறார்: கொலைகாரன் வாசலில் வந்து நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்ல உரிமை இல்லை என்பது அவர் வாதம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் வள்ளுவரோடுதான் போவேன். கதவருகே நின்று ஆட்களைத் தேடியவர்களைக் கண்ட சமூகம் நாங்கள். கான்டின் விடை எங்களுக்குச் சரிவராது.

ஆனால் வள்ளுவரின் அனுமதி அவ்வளவு மலிவானதும் அல்ல. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: வரும் நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது. என் பொய்யால் வரும் நன்மையைப் பிரித்துப் பார்த்தேன். சித்தப்பாவின் கழுத்துக்கு அது நல்லது, உண்மை. அதோடு, இரவில் தொலைபேசி அடித்தால் நான் திடுக்கிட வேண்டியதில்லை. அவரோடு ஒரு சங்கடமான கதையைக் கதைக்க வேண்டியதில்லை. அவருடைய வயதைப் பற்றி அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நன்மையின் பெரும்பங்கு எனக்கே வந்து சேர்கிறது, அவருடைய பெயரில். குற்றம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொலைகாரனிடம் சொல்லும் பொய் நண்பனைக் காக்கிறது. என் பொய்யில் ஏமாறுபவரே நான் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஆள்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தப் பொய் புதிதல்ல. எங்கள் பிள்ளைகள் எட்டு, பத்து வயதிலேயே அம்மாவுக்காக டொக்டரிடமும், அப்பாவுக்காக வரி அலுவலகத்திலும் மொழிபெயர்த்தவர்கள். எந்த வசனத்தை அப்படியே சொல்வது, எதை விட்டுவிடுவது என்று அந்த வயதிலேயே பழகியவர்கள். பிள்ளைகள் மீது அந்தச் சுமையை ஏற்றுவது சரியல்ல என்று நோர்வே 2016இல் சட்டம் போட்டு, சில விதிவிலக்குகள் தவிர, அரச அலுவலகங்களில் அதைத் தடுத்தது. ஆனால் பழக்கம் சட்டத்தால் போய்விடுவதில்லை. இன்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பரிசோதனை முடிவிலிருந்து வீட்டுக் கடன் வரை, பெற்றோருக்கு வடிகட்டித்தான் சொல்கிறார்கள். அன்பினால்தான். ஆனால் இருபத்தைந்து வயதில் மொழி தெரியாத பனிநாட்டுக்குத் தனியே வந்திறங்கத் துணிந்த ஒருவரை, எழுபது வயதில் உண்மை தாங்காத ஒருவராக அந்த அன்பு மெல்ல மெல்ல ஆக்கிவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. அது என் தொழிலின் பழக்கம். நான் கணினி ஆலோசகன். பழைய மென்பொருளை 'முன்பு போல ஓடவைத்துத் தா' என்று வாடிக்கையாளர்கள் கேட்பது அன்றாடம் நடப்பது. அப்போது தெரிந்த குறைகளை எல்லாம் பட்டியல் போட்டு, வாசித்தேன் என்று கையெழுத்து வாங்குவோம். அது நேர்மையான வேலைதான். ஆனால் அந்தக் கையெழுத்து எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்: நாளை ஏதும் நடந்தால் நான் அங்கே இல்லை என்பதற்கு. சித்தப்பாவிடமும் ஆபத்தை விளக்கிவிட்டு, "இனி உங்கள் விருப்பம்" என்று வாளைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது அவரை ஆபத்தோடு தனியே விட்டுவிட்டு வருவது.

பொய் அவருடைய முடிவை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. கையெழுத்து முடிவை அவர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறது. பார்வைக்கு எதிரெதிரானவை, ஆனால் இரண்டிலும் நான் தப்பித்துக்கொள்கிறேன். உறவுக்குள் உண்மை சொல்வது இவை இரண்டையும்விடச் செலவானது என்று எனக்குப் படுகிறது. அலுவலகத்தில் சொல்லிவிட்டால் என் பங்கு முடிகிறது. வீட்டில் சொன்ன பிறகுதான் என் பங்கு தொடங்குகிறது.

மார்ச் மாதம் வாளைக் கொண்டுபோய் அவர்களுடைய சமையலறை மேசையில் பேப்பர் விரித்து வைத்தேன். சித்தியும் இருந்தா. அலகின் நுனியைக் காட்டி, இல்லாத பிரேக்கைக் காட்டி, நடக்கக் கூடியதை மறைக்காமல் சொன்னேன். உங்களுக்கு 74 வயது என்பதையும் சொன்னேன்.

சித்தப்பா இடையில் பேசவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியும் தம்பி. அந்த மனுசன் முதல் நாளே காட்டினவர். தன்ரை தோளிலை இருந்த காயத்தையும் காட்டினவர்" என்றார். நான் மறைக்கலாமா என்று பெப்ரவரி முழுவதும் யோசித்த விடயத்தை அவர் முப்பத்தைந்து வருடங்களாக அறிந்துவைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தன் இடது கையை மேசைமேல் விரித்துப் பார்த்தபடி சொன்னார்: "மெசின் மாறேல்லை. கைதான் மாறிப்போச்சு."

கை நடுங்கத் தொடங்கியிருப்பது எனக்குத் தெரியாது. பொய் சொல்லியிருந்தால் அதை நான் அறிந்திருக்கவும் மாட்டேன். ஆபத்தின் ஒரு பாதி மட்டும்தான் என்னிடம் இருந்தது, மறுபாதி அவரிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க அந்த மேசையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

சித்திக்குக் கோபம். "கெட்டுப்போச்செண்டு சொல்லியிருக்கலாமே? ஏதும் நடந்தால் நான்தானே தூக்கோணும்" என்று என்னைக் கேட்டா. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆபத்து எடுப்பவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. காயத்தைக் கழுவுபவருக்கும் அதில் ஒரு சொல் உண்டு. ஒருவருடைய முடிவை மதிக்கிறேன் என்று சொல்லி, அவருடைய மனைவியின் பயத்தை மிதித்துப் போக முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கும் வாய் கிடைத்தது, உண்மை மேசைக்கு வந்ததால்தான்.

இரண்டு மணிநேரம் கதைத்து மூவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நிற்கும் மரம் இல்லை. ஏற்கெனவே விழுத்திய பேர்ச் தடிகளை மரக்குதிரையில் வைத்து அரிவது மட்டும், அதுவும் அலகின் நடுப்பகுதியால். வெட்டுத் தாங்கும் காற்சட்டையும் முகமூடித் தொப்பியும் இல்லாமல் இழுகயிற்றைத் தொடுவதில்லை. நான் பக்கத்தில் நிற்கும் நாளில் மட்டும். மற்ற நாட்களுக்குப் பற்றரி வாள். கடைசி நிபந்தனை சித்தி போட்டது: கை கூடுதலாக நடுங்கும் நாளை அவதான் தீர்மானிப்பா, அதற்கு மறுபேச்சு இல்லை.

ஒஸ்லோவிலிருந்து அங்கே போக இரண்டு மணிநேரம். இலையுதிர்காலத்தில் என் சனிக்கிழமைகள் போய்விட்டன. முதல் சனிக்கிழமை அவர் நான்கு தடிகள்தான் அரிந்தார், பிறகு களைத்துப்போனார். இரண்டாம் சனிக்கிழமை சித்தி அவருடைய கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றா. நாங்கள் மறுபேச்சுப் பேசாமல், அரிந்து கிடந்ததைப் பிளந்து அடுக்கினோம்.