அறியாது உண்டதும் அறிந்து உடுத்ததும்



"அறியாமல் செய்த பிழைக்கு வினை உண்டா?" என்னும் வினா நம் இல்லங்களில் பன்முறை எழுவதுண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய எனக்கு இதற்குரிய விடை நன்கு தெரியும் என்றே எண்ணியிருந்தேன். எழுபதாம் வயதை எட்டும் வேளையில், கடல் கடந்த ஓர் ஊரில், ஓர் உணவுத் தட்டின் முன் அமர்ந்த பின்னரே அவ்விடையில் பாதிதான் எனக்குத் தெரியும் என்று உணர்ந்தேன். அதனை ஒளிக்காமல் எழுதுவதே முறையென்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் என் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பேத்தி பள்ளித் தேர்வில் சிறப்பாகத் தேறியதற்காக எங்களை ஓர் இத்தாலிய உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றான் மகன். பகட்டான விடுதி அன்று. குழந்தைகுட்டிகளோடு குடும்பங்கள் வந்து உண்டு மகிழும் எளிய இடம். மேசைமேல் சிவப்புக் கட்டமிட்ட விரிப்பு. சிறுவர்கள் வரைந்து விளையாட வண்ணக் குச்சிகள். கேட்கக் கேட்கக் கொண்டுவந்து வைக்கும் ரொட்டி. இரவில் உண்ணாத என் நோன்பிற்கும் அங்கே இடையூறு இல்லை. அத்திங்களில் அவ்வூரில் கதிரவன் மறைய எட்டரை மணி ஆகிவிடும். நாங்கள் ஆறு மணிக்கே அமர்ந்துவிட்டோம்.

இறைச்சி, மீன், முட்டை இல்லாதது எது என்று மருமகள் கேட்டறிந்து, தக்காளிச் சாறு ஊற்றிய ஸ்பகெட்டியை எனக்கு வரவழைத்தாள். பரிமாறிய இளைஞர் ஒரு சிறு துருவியோடு வந்து, "போதும் என்று சொல்லுங்கள்" எனக் கூறிப் பாலாடைக்கட்டியை என் தட்டின்மேல் துருவத் தொடங்கினார். பால்பொருள்தானே என்று நான் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்பூப் போல அது உதிர்ந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்தே "போதும்" என்றேன். சுவையாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வீடு திரும்பும் வழியில் பேத்தி மெல்லக் கேட்டாள்: "பாட்டி, அந்தச் சீஸ் எப்படி உறைகிறது தெரியுமா?" அவள் உயிரியல் வகுப்பில் படித்ததைச் சொன்னாள். நாம் பாலுக்கு உறைமோர் ஊற்றுகிறோம். இத்தாலியின் பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ என்னும் பாலாடைக்கட்டிக்கோ, பால்குடி மாறாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்னும் பொருளை இடுகிறார்கள். பெக்கோரினோ ரோமானோ என்பதற்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பை. 1996 முதல் இப்பெயர்கள் ஐரோப்பியச் சட்டத்தின் காப்பில் இருப்பதால், அப்பெயரோடு விற்க வேண்டுமாயின் அம்முறையை மாற்றவும் இயலாது. கன்றைக் கொல்லாமல் அந்த இரைப்பை கிடைக்காது.

"பாட்டி சந்தோஷமாகச் சாப்பிட்ட பிறகு இதைச் சொல்ல வேண்டுமா?" என்று மருமகள் மகளைக் கடிந்துகொண்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

படுக்கையில் கிடந்தபடி யசோதர காவியக் கதையை நினைத்துக்கொண்டேன். மன்னன் யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் மாவினால் செய்த கோழியையே பலியிட்டார்கள். அங்கே ஓர் உயிரும் மாளவில்லை. ஆயினும் கொல்லும் கருத்து இருந்தமையால் மயிலாகவும் நாயாகவும் பிறந்து துன்புற்றார்கள். வினை கருத்தினால் வருவது என்றால், கருத்தின்றி உண்ட எனக்கு வினை இல்லை அல்லவா? கதையைத் தலைகீழாகத் திருப்பி எனக்கு நானே ஆறுதல் கூறிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஆறுதல் விடியும் வரைகூட நிலைக்கவில்லை. தத்துவார்த்த சூத்திரம் செய்த ஆசாரியர் உமாசுவாமி இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, கொல்லும் எண்ணத்தை மட்டும் சொல்லவில்லை; விழிப்பின்மையை, அதாவது பிரமாதத்தை, முதலில் வைக்கிறார். அப்படியாயின் அறியாமை என்பது ஒன்றன்று, இரண்டு. அறிய வழியில்லாத அறியாமை ஒன்று. அறிய வழியிருந்தும் கேளாதிருந்த அறியாமை மற்றொன்று. முன்னதில் குற்றம் இல்லை. பின்னதில் விழிப்பின்மை இருக்கிறது. இறைச்சியைப் பற்றிக் கேட்கத் தெரிந்த நாங்கள் பாலாடைக்கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. என்றாலும் அப்படி ஒன்று இருக்கும் என்று கனவிலும் நினையாதவள் எப்படிக் கேட்பாள்? எனவே அன்றைய என் பிழை சிறிது என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் பேத்தி சொன்ன நொடியோடு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. அறிந்தவர் மீண்டும் அறியாதவராக முடியாது.

மூன்று வாரம் கழித்து மகனின் பிறந்தநாளுக்கு அதே விடுதிக்குச் சென்றோம். இம்முறை பேத்தியைக் கொண்டு நானே கேட்கச் சொன்னேன். பரிமாறுபவருக்குத் தெரியவில்லை. மேலாளர் உள்ளே சென்று உறையையே எடுத்துவந்து படித்தார். அதில் பால், உப்பு, நொதிகள் என்று மட்டுமே இருந்தது. கன்றிலிருந்து எடுத்ததா, செடியிலிருந்தா, நுண்ணுயிரிலிருந்தா என்பதைச் சொல்லாமலே அந்நாட்டில் நொதி என்று அச்சிடலாம். நுண்ணுயிரைக் கொண்டு உண்டாக்கிய உறைநொதிக்கு அமெரிக்க அரசு 1990இலேயே இசைவளித்திருந்தது. ஆதலால் அங்கு விற்கும் எல்லாப் பாலாடைக்கட்டியும் கன்றின் இரைப்பையால் உறைந்தது என்று சொல்வதும் தவறு. மேலாளர் நேர்மையாக, "எனக்குத் தெரியாது, அம்மா" என்றார். பின்னர் கோதுமை ரவையும் நீரும் மட்டும் சேர்ந்த ஸ்பகெட்டியைத் தனியே வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் துளசியைப் போன்ற பேசில் இலையும் இட்டுக் கொணர்ந்தார். முகம் சுளிக்கவில்லை. நான் கைகூப்பி நன்றி கூறினேன். என் நெறியை நான் காத்துவிட்டேன் என்னும் நிறைவோடு வீடு திரும்பினேன். அந்த நிறைவில் சற்றுப் பெருமையும் கலந்திருந்தது.

அன்றிரவு என் சேலையை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பேத்தி அதன் கரையைத் தடவிப் பார்த்தாள். மகன் திருமணத்திற்கு ஆரணியில் எடுத்த பட்டுச் சேலை அது. "பாட்டி, பட்டு எப்படி வருகிறது?" என்று கேட்டாள். குத்திக்காட்டும் குரலன்று அது, தெரிந்துகொள்ளும் ஆவல்தான்.

என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஏனெனில் அதற்குரிய விடையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் படம் வரைந்து கற்பித்தவள் நான். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் பல நூறு மீட்டர் நீளும் இழை அறுந்துபோகும். ஆகவே வருமுன்பே ஆவியிலோ வெயிலிலோ வெந்நீரிலோ உள்ளிருக்கும் உயிரைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். இப்பாடத்தை நடத்திய கையோடு, பள்ளி ஆண்டுவிழாவிற்குப் பட்டுடுத்திச் சென்றிருக்கிறேன். ஜினாலயத்திற்கும் உடுத்திச் சென்றிருக்கிறேன். தட்டில் விழுந்த ஒரு பிடித் துருவலுக்காக மேலாளரை எழுந்து வரச் செய்தவள், அவ்வேளையில் உடம்பு முழுதும் எதைப் போர்த்தியிருந்தேன்!

அறியாமை இரண்டு வகை என்று கண்டேனே, அவற்றுள் எதிலும் இது அடங்காது. இது அறிந்தும் நினையாமை. பழக்கம் என்னும் போர்வை அறிவின்மேல் விழுந்து கிடப்பது. உமாசுவாமி ஆசாரியர் சொன்ன விழிப்பின்மைக்கு இதனினும் பொருத்தமான சான்றை என் வாழ்வில் நான் காணவில்லை. அயலார் வீட்டு அடுக்களையில் விழித்திருக்கும் நம் கண், நம் வீட்டுப் பெட்டியின் முன் உறங்கிவிடுகிறது.

ஊர் திரும்பி இதனை உறவினர் ஒருவரிடம் சொன்னபோது, "நீங்கள் பட்டை விட்டால் நெசவாளர் குடும்பம் என்னாகும், அக்கா?" என்று கேட்டார். தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. ஆரணிப் பக்கத்தில் பிறந்த நான் தறியின் ஓசையைக் கேட்டே வளர்ந்தவள். தறியில் பருத்தியும் நெய்யலாம் என்று விடை கூறினேன். கூலி குறையுமே என்றார். அவர் கூறியது உண்மை. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கைத்தறிப் பருத்திச் சேலையைப் பேரம் பேசாமல் வாங்குவது ஒன்றே என்னால் இயல்வது. ஆனால் பிறர் பிழைப்பைக் காட்டி என் உடையை நியாயப்படுத்துவதும், கன்றை வளர்ப்போர் பிழைப்பைக் காட்டி அந்தப் பாலாடைக்கட்டியை நியாயப்படுத்துவதும் ஒன்றே. ஒன்றை ஏற்றால் மற்றொன்றையும் ஏற்க வேண்டும்.

அன்று முதல் பட்டு வாங்கவில்லை. பழைய சேலைகள் பெட்டியிலேயே இருக்கின்றன. பிறருக்குக் கொடுத்து உடுத்தச் செய்வதிலும் மனம் ஒப்பவில்லை. 2022இல் நடந்த ஓர் உறவினர் திருமணத்திற்குப் பருத்திச் சேலையில் சென்றேன். "உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா?" என்று இருவர் கேட்டனர். புன்னகைத்துவிட்டு அமர்ந்தேன். பந்தலில் பட்டுடுத்தியிருந்த எவரிடமும் பட்டுப்புழுவைப் பற்றிப் பேசவில்லை. விருந்திற்கு அழைத்தோரை நாணச் செய்வதும் மனத்தால் செய்யும் இம்சையே என்பது என் எண்ணம். கேட்டவருக்குச் சொல்லலாம், கேளாதவருக்கு நம் ஒழுக்கமே சொல்லட்டும்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்கள் பேராசிரியர் ஒருவர், மாணவர் கேட்கும் வினா ஆசிரியருக்கு நாணம் தருமாயின் அதுவே நல்ல வினா என்பார். நம் குழந்தைகள் இன்று உலகின் பல மூலைகளிலும் உண்கிறார்கள், கற்கிறார்கள், கேட்கிறார்கள். அன்று காரில் என் பேத்தியை நானும் சேர்ந்து அடக்கியிருந்தால், இரவில் அவள் இரண்டாவது வினாவைக் கேட்டிருக்க மாட்டாள். துருவுபவர் தாமாக நிறுத்துவதில்லை. உண்பவர்தான் "போதும்" என்று சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாதிருந்த அச்சொல்லை எனக்கு நினைவூட்டியவள் ஒரு சிறுமி. உங்கள் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் இத்தகைய வினாக்களை எழுப்பும்போது, அருள்கூர்ந்து அவர்களை வாய்மூடச் செய்யாதீர்கள்.

அறம் வளர்க!