பழைய கேமராவில் படம் எங்கே இருக்கிறது?

2000-களின் தொடக்கத்தில் விற்ற மலிவுவிலை டிஜிட்டல் கேமராக்களில் புது பேட்டரி போட்டால் பல இன்றும் இயங்குகின்றன. பொத்தானை அழுத்தினால் ‘பீப்’ ஒலி வருகிறது. சின்னத் திரையில் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ஆனால் இன்றைய கணினியில் செருகினால் படம் வருவதில்லை. லென்ஸ் தேயவில்லை, சில்லு கருகவில்லை, கம்பி அறுபடவில்லை. ஒரு பொருளில் எந்த மாற்றமும் நேராதபோது அதன் செயல் மட்டும் எப்படி அற்றுப்போகும்? அந்தச் செயல் முதலில் அந்தப் பொருளில்தான் இருந்ததா? காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறதா, இல்லையா என்று இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வியே இங்கும் எழுகிறது.

எல்லாப் பழைய கேமராக்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. மெமரி கார்டில் படத்தைச் சேமிக்கும் கேமராவைக் கணினியோடு பேசவைக்க வேண்டிய தேவையே கிடையாது. கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டால் போதும். 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வடிவத்தை இன்றைய எந்தக் கணினியும் திறக்கும். 2006-இல் வந்த எஸ்.டி.எச்.சி. கார்டுகளை அதற்கு முந்தைய கேமராக்கள் படிக்கமாட்டா என்பதால், 2 ஜி.பி. அல்லது அதற்கும் குறைந்த பழைய எஸ்.டி. கார்டு தேவைப்படும். கேபிள் வழியே சாதாரண டிஸ்க்காகத் தெரியும் கேமராக்களும், பி.டி.பி. என்னும் பொது நெறிமுறையைப் பின்பற்றுபவையும் பெரும்பாலும் இன்றும் வேலை செய்கின்றன. இவை பொதுமொழி பேசுபவை.

சிக்கல் தருவது மூன்றாம் வகை: தனக்கென்று ஒரு தனிமொழி வைத்திருப்பவை. தைவானின் ஏய்ப்டெக் நிறுவனம் விற்ற பென்கேம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேனா போன்ற உடல், உள்ளே எஸ்.டி.வி.0680 என்னும் சில்லு, 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட படம். கார்டு கிடையாது, பேட்டரி தீர்ந்தால் அழிந்துவிடும் நினைவகத்தில்தான் படங்கள் தங்கின. இதை இன்றைய விண்டோஸ் கணினியில் செருகும்போது நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கணினி “நீ யார்?” என்று கேட்கிறது. கேமரா 0553, 0202 என்ற இரண்டு எண்களைச் சொல்கிறது: முதலாவது தயாரிப்பாளரைக் குறிப்பது, இரண்டாவது பொருளைக் குறிப்பது. யூ.எஸ்.பி. தரம் பழையவற்றையும் ஏற்கும்படி அமைந்திருப்பதால் இதுவரை எல்லாம் சரியாகவே நடக்கிறது. அந்த எண்களுக்குரிய டிரைவரை, அதாவது அந்தக் கேமராவின் மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளை, தேடும்போதுதான் கணினி கைவிரிக்கிறது.

காரணம் தெளிவானது. அந்த டிரைவர் விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து 32-பிட் அமைப்புக்காக எழுதப்பட்டது. 64-பிட் விண்டோஸின் கருநிரல் 32-பிட் டிரைவரை ஏற்றாது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவின் 64-பிட் பதிப்பிலிருந்து டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயமானது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. ஆக, கேமரா பதில் சொல்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ளத்தான் ஆளில்லை.

இதைவிட ஆழமான உண்மை ஒன்றும் இருக்கிறது. இந்த வகைக் கேமராவுக்குள் முழுமையான வண்ணப்படம் ஒருபோதும் இருந்ததில்லை. உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வடிகட்டிதான் உண்டு. பாதிப் புள்ளிகள் பச்சையையும், காற்பங்கு சிவப்பையும், காற்பங்கு நீலத்தையும் அளக்கின்றன. 640-க்கு 480 என்றால் 3,07,200 அளவீடுகள். வண்ணப்படத்துக்கோ புள்ளிக்கு மூன்று வீதம் 9,21,600 மதிப்புகள் வேண்டும். மீதி 6,14,400 மதிப்புகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். விலையுயர்ந்த கேமராக்கள் இந்த வேலையைத் தமக்குள்ளேயே முடித்து ஜேபெக் கோப்பாகத் தந்துவிடுகின்றன. பென்கேம் போன்றவை அதைக் கணினியிலிருக்கும் மென்பொருளிடம் தள்ளிவிட்டன. விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அளவையியலின் சொற்களில் சொன்னால், அப்படத்தில் மூன்றில் ஒரு பங்கு காண்டல், இரண்டு பங்கு கருதல். கண்டது கேமரா, கருதியது கணினி.

அப்படியானால் படம் எப்போது பிறந்தது? சாங்கியமும் சைவ சித்தாந்தமும் சற்காரியவாதத்தை ஏற்பவை. இல்லாதது தோன்றாது, காரியம் காரணத்துக்குள் நுண்ணிலையில் இருந்தே வெளிப்படுகிறது என்பது அவற்றின் நிலை. எதிலிருந்தும் எதுவும் வந்துவிடுவதில்லை என்பது ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தரும் காரணங்களுள் ஒன்று. இது கேமராவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு குழந்தையின் முகத்தைக் கண்டு பதிந்த அந்த மூன்று லட்சம் எண்களிலிருந்து எந்த மென்பொருளாலும் ஒரு தென்னந்தோப்பை வருவிக்க முடியாது. வரப்போவது அந்த முகம்தான்; ஆகவே அது முன்பே அங்கே இருந்தாக வேண்டும்.

நியாய, வைசேடிக மரபுகள் இதை மறுக்கின்றன. மண்ணிலேயே குடம் இருக்கிறதென்றால் மண்ணிலேயே நீர் மொண்டுவிடலாமே, குயவன் எதற்கு என்பது அவர்களுடைய புகழ்பெற்ற கேள்வி. தோன்றுவதற்கு முன் காரியத்துக்கு முன்னபாவமே, அதாவது இல்லாமையே உண்டு, தோன்றியது புதியது என்பார்கள். அவர்கள் பக்கமும் வலுவான சான்று இருக்கிறது. ஒரே அளவீடுகளை இரண்டு வேறு கணக்குமுறைகளில் செலுத்தினால் இரண்டு வேறு படங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் தலைமுடியின் ஓரம் மழுங்கியிருக்கும்; மற்றொன்றில் கூர்மையாக இருக்கும். ஓரங்களில் படியும் பொய் நிறமும் முறைக்கு முறை மாறும். இந்த இரண்டு படங்களுமே முன்பே உள்ளிருந்தன என்று சாதிப்பது கடினம்.

மூன்றாவதாகப் பௌத்தர்களின் விடை. மிலிந்த மன்னரிடம் நாகசேனர் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளின் கூட்டத்துக்கு இட்ட வழக்குப் பெயரே தேர் என்று முடித்தார். மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் உபதேசிக்கும் சார்புகளின் கோட்பாடும் இதே நெறியைச் சேர்ந்ததுதான்: ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும், சார்பு அற்றால் தோற்றமும் அறும். இதன்படி லென்ஸ், சில்லு, டிரைவர், இயங்குதளம் எல்லாம் கூடியபோது கேமரா என்றோம். ஒன்று விலகியதும் அந்தப் பெயரும் விலகியது. இந்த விளக்கம் தெளிவானது. ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. டிரைவர் இல்லாத அறையிலும் பென்கேம் ஒளியை அளந்து பதிந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்பார் இல்லாததால் அந்தப் பதிவு இல்லாமல் போய்விடுவதில்லை.

இந்த வழக்கில் அதிகம் உதவுவது சைவ சித்தாந்தத்தின் மூன்று காரணப் பகுப்பு. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். படத்துக்கு அளவீடுகள் முதற்காரணம், டிரைவர் துணைக்காரணம். புது இயங்குதளம் பறித்தது துணைக்காரணத்தை மட்டுமே. சக்கரம் உடைந்ததால் மண் கெட்டுவிடாது. வேறு சக்கரம் கொண்டுவரலாம். நியாயவாதி காட்டிய இரண்டு படங்களின் வேறுபாடும் இதற்குள் அடங்கிவிடுகிறது. முகம் முதற்காரணத்திலிருந்து வருகிறது. முடி ஓரத்தின் கூர்மை துணைக்காரணத்தைப் பொறுத்தது.

தமிழ் இலக்கணத்தின் ஆறாம் வேற்றுமைப் பகுப்பும் இங்கே துணைநிற்கிறது. கை ஒருவனிடமிருந்து பிரியாதது, தற்கிழமை. வீடு பிரியக்கூடியது, பிறிதின்கிழமை. ஒளியை அளப்பது கேமராவின் தற்கிழமை. கணினிக்குப் படம் தருவது என்றுமே பிறிதின்கிழமைதான். வாங்கிய நாளில் இரண்டும் ஒன்றாகவே கைக்கு வந்ததால் வேறுபாடு தெரியவில்லை. பிரிந்தபோது கேமரா செத்துவிட்டது என்று தவறாகத் தீர்ப்பெழுதப்படுகிறது.

நடைமுறையிலுள்ள இரண்டு தீர்வுகளும் இதை உறுதிப்படுத்துகின்றன. ஒன்று, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளால் புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, யூ.எஸ்.பி. இணைப்பை அதற்குள் திருப்பிவிடுவது. இது பழைய சக்கரத்தையே மீட்டெடுக்கும் வழி. அசல் டிரைவர் குறுந்தகடு கையில் இருக்க வேண்டும். மற்றொன்று லினக்ஸில் லிப்ஜிபோட்டோ2 என்னும் கட்டற்ற நிரலகத்தைப் பயன்படுத்துவது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களின் மொழிகளைத் தன்னார்வலர்கள் பொறுமையோடு கற்று அதில் எழுதிவைத்திருக்கிறார்கள், எஸ்.டி.வி.0680-க்கும் அதில் இடம் உண்டு. அளவீடுகளிலிருந்து வண்ணத்தை நிரப்பும் கணக்கையும் அது தானே செய்கிறது. இது புதிதாகச் செய்த சக்கரம். இந்த இரண்டு வழிகளிலும் கேமராவில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை.

இதிலிருந்து கடமை பற்றிய கேள்வி ஒன்றும் எழுகிறது. பாதி வேலையைப் பொருளிலும் மறுபாதியை மென்பொருளிலும் வைத்து விற்றவர், மென்பொருளைக் கைவிடும்போது விற்ற பொருளின் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். என்றென்றைக்கும் டிரைவர் எழுதித் தர வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. கேமரா எந்த முறையில் பேசுகிறது என்ற குறிப்பை வெளியிட்டுவிட்டுப் போகலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாமல் விடுவது வாங்கியவருக்கு இழைக்கும் அநீதியே.

வீட்டில் அப்படியொரு கேமரா வைத்திருப்பவர்கள் அதை மின்கழிவில் போடுமுன் கணினியில் செருகி, அது சொல்லும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு, லிப்ஜிபோட்டோ2-இன் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும்.