ஊழும் சாயத்தொட்டியும்

டாக்டர் மூன்று கேள்விகள் கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது இந்த வியாதி உண்டா? பீடி, சிகரெட் பழக்கம்? என்ன தொழில்? தன் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் மூத்திரத்தில் ரத்தம் போயிற்று என்று சித்தப்பா முதல் கேள்விக்குச் சொன்னார். நாளைக்கு ஒரு கட்டு பீடி என்று இரண்டாவதற்கு. மூன்றாவதற்கு, ‘கூலி வேலைங்க.’ டாக்டர் எழுதிக்கொண்டார். என் சித்தப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் 22 வருஷம் தொட்டி வேலை பார்த்தவர். முழங்கை வரை நிறம் ஏறிய கையோடு சாப்பிட உட்காருவார். அந்த 22 வருஷமும் ‘கூலி’ என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நானும் வாய் திறக்கவில்லை. சாயத்துக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் உள்ள சம்பந்தம் அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். அது முழுச் சமாதானம் ஆகாது.

அவர் போன பிறகு, காரியத்தன்று, வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. பீடிதான் என்றார் மாமா. வம்சத்தில் இருக்கிறது என்றாள் அத்தை. தலையெழுத்து என்று சித்தி சொன்னாள். பட்டறையிலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும், தொட்டி வேலை பார்த்தவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு இப்படி ஆயிற்று என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காரணம் இருந்தது. ஒரு காரணம் உண்மையென்றால் மற்றவை பொய் என்ற அனுமானம் எல்லோருக்கும் பொது. இந்த அனுமானத்தைத்தான் நான் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1895ல் ஃப்ராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயம் தயாரித்த 45 தொழிலாளிகளில் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததை எழுதினார். 1921ல் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் பென்சிடின், பீட்டா-நாப்தைலமைன் என்ற இரண்டு ரசாயனங்களைப் பெயர் சொல்லியே எச்சரித்தது. 1954ல் பிரிட்டனில் கேஸும் அவர் சகாக்களும் சாயத் தொழிலாளிகளின் கணக்கைத் திரட்டி வெளியிட்டபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பதிவுகளில், பீட்டா-நாப்தைலமைனை வடித்தெடுக்கும் வேலையில் இருந்த ஒரு சிறு குழுவில் அத்தனை பேருக்கும் நோய் வந்தது. இந்தியாவில் பென்சிடின் சாயங்களுக்குத் தடை வந்தது 1990களில். சித்தப்பா கலக்கிய பொடி எது என்று அவருக்குத் தெரியாது. சிவப்பு, கறுப்பு, நீலம் என்றுதான் தெரியும்.

இனி ஜீன். இந்த வகை அமைன்கள் உடம்புக்குள் போனால் அவற்றின் பல்லைப் பிடுங்குகிற நொதி ஒன்று ஈரலில் இருக்கிறது. ‘நேட்-2’ என்று பெயர். அதை உண்டாக்கும் ஜீன் சிலரிடம் வேகமாக வேலை செய்யும், சிலரிடம் மெதுவாக. மெதுவானவர்களின் உடம்பில் விஷம் கூடுதல் நேரம் தங்கிச் சிறுநீரோடு பைக்குப் போய்ச் சேருகிறது. ஐரோப்பியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மெதுவானவர்கள். ஜப்பானில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். இந்த வித்தியாசம் முதலில் தெரியவந்தது புற்றுநோய் வழியாக அல்ல, காசநோய் வழியாக. 1952ல் புழக்கத்துக்கு வந்த ஐசோநயாஸிட் மருந்தையும் இதே நொதிதான் செலவழிக்கிறது. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்திலும் நோயாளிகளை வேகமானவர், மெதுவானவர் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் மருந்து தந்தபோது பலன் குறைந்தது வேகமானவர்களுக்கு. மருந்து அவர்கள் உடம்பில் நிற்கவில்லை.

இது யோசிக்க வேண்டிய விஷயம். மெதுவான ஜீன் காசநோய் வார்டில் உதவுகிறது, சாயப்பட்டறையில் காட்டிக்கொடுக்கிறது. நல்ல ஜீன், கெட்ட ஜீன் என்று தனியாக எதுவும் இங்கே இல்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து அதன் குணம் தீர்மானமாகிறது. புகையிலைப் புகையிலும் இதே வகை அமைன்கள் இருக்கின்றன. 2005ல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில் மெதுவானவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வரும் வாய்ப்பு 1.4 மடங்காக இருந்தது. புகைத்தே பழகாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணவில்லை. புகை இல்லாத இடத்தில் அந்த ஜீன் பேசவே இல்லை.

அப்படியானால் ஜீனுக்கு எத்தனை சதவீதம், சூழலுக்கு எத்தனை சதவீதம்? பற்றும் வரவும் நேராக வேண்டிய பேரேட்டோடு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பவன் நான். என்னிடம் இந்தக் கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஆனால் கேள்வியே பிசகு. ஜீன் சம்பந்தப்படாத, இன்னும் எளிய ஓர் உதாரணத்தில் இது தெளிவாகத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் பதிக்கும் வேலை செய்த அமெரிக்க, கனடா தொழிலாளிகளைப் பற்றி 1979ல் ஹாமண்ட், செலிகோஃப், ஸைட்மன் மூவரும் வெளியிட்ட கணக்கு இது. புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இல்லாதவனுக்கு நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு 1 என்றால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் உள்ளவனுக்கு 5, புகை மட்டும் உள்ளவனுக்கு 11, இரண்டும் உள்ளவனுக்கு 53. இரண்டும் உள்ள கூட்டத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டால் 53 என்பது 11 ஆகும், 42 போயிற்று. புகையை எடுத்தால் 5 ஆகும், 48 போயிற்று. கூட்டினால் 90. இருந்ததே 53. எந்த ஆடிட்டரும் இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் கணக்கில் தப்பு இல்லை. ஒரே சாவுக்கு இரண்டு காரணங்களும் முழுக் காரணமாக இருக்க முடியும் என்பதுதான் அதன் பொருள். பங்கு பிரிக்க முடியாததை நாம் பங்கு பிரிக்கப் பார்க்கிறோம்.

பிரிக்க முடியாது என்பதே சிலருக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனிகள் நீதிமன்றத்தில் தொழிலாளியின் சிகரெட்டைச் சுட்டிக்காட்டின. சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் ஜீனைச் சுட்டிக்காட்டினார்கள். நவீனப் புள்ளியியலையே உருவாக்கிய ரொனால்ட் ஃபிஷர், புகைக்கும் ஆசையையும் புற்றையும் ஒரே ஜீன் தருகிறதாக இருக்கலாம் என்று 1958ல் எழுதினார். அப்போது அவர் புகையிலை உற்பத்தியாளர் அமைப்பின் ஆலோசகர். அவர் பணத்துக்காகத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பைப் பிடிக்கிறவர், உள்ளபடியே நம்பியிருக்கலாம். அவருடைய நம்பிக்கை யாருக்குப் பயன்பட்டது என்பது வேறு விஷயம்.

ஃபிஷரை விட என்னைத் தொந்தரவு செய்கிறவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். மார்க்ஸியர். 1957ல் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே ஆனவர். ஜீனும் சூழலும் ஒன்றையொன்று எப்படி மாற்றிப்போடுகின்றன என்பதை 1946ல் ஒரு கட்டுரையில் துல்லியமாக வகைப்படுத்திக் காட்டியவர். அவரே 1938ல், மட்பாண்டத் தொழிலாளிகளுக்கு வரும் மார்ச்சளியைப் பற்றி எழுதும்போது, எல்லோருக்கும் அது வருவதில்லை, உடம்புவாகு அப்படி அமைந்தவர்களை வேலைக்குச் சேரும்போதே விலக்கிவிட்டால் நோயே இல்லாமல் போகலாம் என்ற யோசனையைச் சொல்லிவிட்டார். தீங்கு நினைத்துச் சொன்னதல்ல. ஒரு சாத்தியமாகச் சொன்னது. ஆனால் அந்த வாக்கியத்தில் தூசி அசையாமல் நிற்கிறது. மனிதன்தான் நகர வேண்டியிருக்கிறது. தூசியைக் கூட்டிப் பெருக்குவதை விட மனிதனை வெளியேற்றுவது மலிவு என்பதை எந்த முதலாளியும் சொல்லத் தேவையில்லாமல் ஒரு மார்க்ஸியர் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அந்த யோசனை நடைமுறையிலும் நிற்காது. மெதுவான ஜீன் உள்ளவர்களைத் தொட்டியிலிருந்து விலக்குவதென்றால் பாதி ஊரை விலக்க வேண்டிவரும். மிச்சமுள்ள வேகமானவர்களுக்கும் காப்பு இல்லை. பிரிட்டனில் அந்தச் சிறு குழுவில் அத்தனை பேருக்கும் நோய் வந்ததே, அதில் வேகமானவர் ஒருவராவது இருந்திருக்கமாட்டாரா? விஷம் ஓர் அளவைத் தாண்டினால் ஜீன்களுக்குள் இருக்கும் வித்தியாசம் அர்த்தம் இழந்துவிடுகிறது. இதன் மறுபக்கத்தை ஜெஃப்ரி ரோஸ் 1985ல் சொன்னார்: ஒரு தேசத்தில் எல்லோரும் ஒரே அளவு சிகரெட் பிடித்தால், நுரையீரல் புற்று ஜீன்களால் வருவது என்ற முடிவுக்குத்தான் நம் ஆய்வுகள் எல்லாம் வந்து சேரும். எல்லோருக்கும் பொதுவானது கண்ணுக்குத் தெரியாது, வித்தியாசப்படுவதுதான் தெரியும். எல்லோரும் தொட்டியில் இறங்குகிற தெருவில், ஒருவன் மட்டும் விழுந்தால், அவன் உடம்புதான் காரணமாகத் தெரியும். அத்தை வம்சம் என்றதும் சித்தி தலையெழுத்து என்றதும் அறியாமை என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வேறெதுவும் தெரிய வழியில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொன்னவர் சித்தப்பாவேதான். சாயத்தைப் பற்றிப் படித்துவிட்டு நான் அவரிடம் ஆவேசமாகப் பேசினேன். ‘பீடிய நாந்தான குடிச்சேன் கண்ணு. அதுக்கு எவனப் போய்க் கேக்கறது?’ என்றார். தன் வாழ்க்கையில் தானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த சொற்பத்தில் பீடியும் ஒன்று. அதையும் சூழல் என்று சொல்லி நான் பிடுங்கிக்கொண்டால் அவரை வெறும் பண்டமாக்கிவிடுகிறேன். அவர் சொன்னது நியாயம் என்றே இன்றும் எனக்குப் படுகிறது. அதோடு, தற்செயல் என்று ஒன்றும் இருக்கிறது. ஒரே ஜீன், ஒரே பீடி, ஒரே தொட்டி உள்ள இருவரில் ஒருவனுக்கு வரும், மற்றவனுக்கு வராது. செல் பிரியும்போது நேரும் பிழைக்கு முகம் கிடையாது. ஃபிஷர், புற்றுக்காகக் குடலில் செய்த அறுவைக்குப் பிறகு 1962ல் இறந்தார். ஹால்டேன் 1964ல் புவனேஸ்வரத்தில் குடல் புற்றால் இறந்தார். சாவதற்கு முன் தன் நோயைக் கேலி செய்து ஒரு கவிதையும் எழுதினார். இந்த ஒற்றுமையில் நீதி எதுவும் இல்லை. இருக்கிறது என்று தேடுகிற மனசு சித்தியின் மனசுதான்.

ஆகவே சித்தப்பாவின் கட்டிக்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது. இங்கேதான் காரணத்தையும் பொறுப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் என்பது எது நடந்தது என்ற கேள்வி. அது பங்கு பிரியாது. பொறுப்பு என்பது யாருக்குத் தெரிந்திருந்தது, யாரால் வேறு விதமாகச் செய்திருக்க முடியும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி, அது பிரியும். ஜீனை யாராலும் வேறு விதமாகச் செய்திருக்க முடியாது. பீடியை அவர் விட்டிருக்கலாம், கஷ்டப்பட்டு. தொட்டியில் வெறும் கையோடு இறங்காமல் இருந்திருந்தால் அவருக்குக் கூலி இல்லை. கையுறை வாங்கிப் போடவும் பொடியை மாற்றவும் முடிந்தவர்கள் வேறு ஆட்கள். உலகத்துக்கு விஷயம் தெரிந்து அப்போதே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. யார் விழுவான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது பலரை விளிம்பில் நிறுத்தியவனுக்கு மன்னிப்பு ஆகாது. யாராவது ஒருவன் விழுவான் என்பது தெரியும். அது போதும்.

திருக்குறளில் ஊழ் 38வது அதிகாரம்; ஆள்வினையுடைமை 62வது. இரண்டுக்கும் முரண்பாடு என்று தமிழ் வாத்தியார்கள் காலங்காலமாகச் சமாதானம் சொல்லிவந்திருக்கிறார்கள். முரண்பாடு தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஊழ் உடம்பில் எழுதப்பட்டிருக்கலாம். அதை வாசிக்க வைப்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் வினை.

கடைசியாக, சொல்லாமல் விட முடியாத ஒன்று. தாத்தாவிடமிருந்து ஒரு மெதுவான ஜீன் வந்திருக்குமானால் அது எனக்கும் வந்திருக்கக்கூடும். நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வவுச்சர் பார்க்கிறேன். பீடி இல்லை, சாயம் இல்லை. அந்த ஜீன் என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமலே இருந்துவிடலாம். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷமும் விடுதிக்குப் பணம் கட்டியவர் சித்தப்பா. அந்தப் பணம் தொட்டியிலிருந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் சூழல் என்பது தானாக அமையவில்லை. யார் படிப்பது, யார் இறங்குவது என்று பேசி முடிவு செய்யப்பட்டது. டாக்டர் தொழில் என்ன என்று கேட்டபோது இதையெல்லாம் சொல்ல வேண்டியவன் நான். ‘கூலி’ என்ற சொல்லை அவர் எழுதி முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.