அத்தை அழவில்லை

பத்து நிமிட நாடகம் எழுதுவது என் வேலைக்கு நெருக்கமான காரியம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நிமிடம், நான்கு நடிகர்கள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இவ்வளவுதான் மெமரி, இதற்குள் ஓட்டு என்று சொல்வது மாதிரி. 2002இல் சிட்னியில் தொடங்கிய ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழா இந்த வடிவத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது; சென்னைக்கும் அது வந்தது. நான் கலந்துகொண்டது அவ்வளவு பெரிய விழா இல்லை. எங்கள் பகுதி நாடக ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்திய போட்டி. எட்டு நாடகங்கள், மூன்று நடுவர்கள், மதிப்பெண் தாளில் ‘உணர்ச்சித் தாக்கம்’ என்று தனியாக ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்துக்காகத்தான் நான் எழுதினேன். டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனால் போதும் என்று கோடு எழுதுகிறவர்களை ஆபீஸில் திட்டுவேன். இங்கே நானே அதைச் செய்தேன்.

என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. மாமா இறந்த மறுவருடம் உறையூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கேஸ் ஏஜென்சி நம்பர் தேடும்போது அவருடைய வரவு செலவு நோட்டு கையில் கிடைத்தது. பால் 48, கீரை 20, பொடி 10. அத்தைக்குப் பொடி பழக்கம் கிடையாது. பொடி போடுவது மாமா. பக்கத்தைப் புரட்டினேன். ஒரு நாள் விடாமல், பொடி 10. நோட்டை மூடி வைத்துவிட்டேன். எதுவும் கேட்கவில்லை.

நாடகத்தில் அது இப்படி ஆயிற்று: ஒரு விதவை, ஒரு மருமகள், ஒரு நோட்டு. மருமகள் ‘பொடி பத்து, பொடி பத்து’ என்று வாசித்துக்கொண்டே போகிறாள். ஒன்பதாவது நிமிடத்தில் கிழவி உடைந்து அழுகிறாள். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். என் மனசாட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. அரங்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டாம் பரிசு, 3000 ரூபாய். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். சென்னைக்கு வந்திருந்த அத்தையை, “உன் மருமான் நாடகம் போட்டிருக்கான்” என்று அம்மா கூட்டிக்கொண்டு வந்து நான்காம் வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

போட்டி நாடகத்துக்கு இது பழைய சிக்கல். கி.மு. 494இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் நகரத்தை அழித்தார்கள். ஏதென்ஸுக்கு அது சொந்தபந்தம் மாதிரியான ஊர். சீக்கிரமே ஃப்ரினிக்கஸ் என்ற கவிஞர் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது என்கிறார் ஹெரோடோட்டஸ். அழுதவர்கள் கொடுத்தது பரிசு இல்லை. எங்கள் வீட்டுத் துயரத்தை எங்களுக்கே நினைவுபடுத்தினாய் என்று 1000 திராக்மா அபராதம் போட்டார்கள், இனி யாரும் அந்த நாடகத்தை நடத்தக் கூடாது என்று தடையும் போட்டார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்கள்’ எழுதினார். தோற்றுப்போன எதிரியின் வீட்டில் நடக்கும் ஒப்பாரி. அதற்கு முதல் பரிசு.

தன் துக்கத்துக்கு அபராதம், அடுத்தவன் துக்கத்துக்குப் பரிசு. ஏதென்ஸ்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. தோற்ற எதிரியின் கண்ணீரை எழுதிப் பார்த்தது பெரிய மனசு என்றும் சொல்லலாம். ஆனால் அந்த அரங்கில் எழுந்து நின்று, “நாங்கள் இப்படி அழவில்லையே” என்று சொல்ல ஒரு பாரசீகத் தாய் இல்லை.

என் அரங்கில் இருந்தார்.

ஆட்டோவில் வரும்போது அத்தை சொன்னார். “நல்லாத்தான்டா இருந்துச்சு. ஆனா என்னை ஏன்டா அழ வச்ச?”

நான் திக்கினேன். “இல்ல அத்தை, அது நீங்க இல்ல, ஒரு கதாபாத்திரம்…”

“பொடி பத்து ரூபா வேற யாரு வீட்டுல எழுதுறாங்க?” என்றார். கோபமே இல்லை. “உங்க மாமா இருந்தவரைக்கும் தினம் அந்தப் பத்து ரூபாய்க்குத்தான் சண்டை. இப்ப அதை எடுத்து டப்பாவுல போடுறேன். மாசம் முந்நூறு ரூபா. பக்கத்து வீட்டு கமலாவும் நானும் சினிமாவுக்குப் போறோம்.”

அம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அத்தையே சொன்னார். “துக்கம் இல்லைன்னு சொல்லல. அது வேற. அதையெல்லாம் நோட்டுல எழுத மாட்டேன்.”

அடுத்தவர் வாழ்க்கையை எடுப்பது திருட்டா என்றுதான் அதுவரை யோசித்திருந்தேன். அத்தை திருட்டைப் பற்றிப் பேசவே இல்லை. எடுத்ததைத் தப்பாக எடுத்தாய் என்றார். அனுமதி வாங்கித்தான் எழுத வேண்டும் என்றால் இலக்கியமே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் நான் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை. கேட்டால் என் நாடகம் கெட்டுப்போகும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. விதவை என்றால் துக்கம், துக்கம் என்றால் அழுகை என்று என்னிடம் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. நடுவர்களிடமும் அதே விடைதான் இருந்தது. இரண்டும் பொருந்தியதைத்தான் ‘உணர்ச்சித் தாக்கம்’ என்று கட்டத்தில் எழுதினார்கள்.

இதைப் போட்டியின் தலையில் கட்டித் தப்பிக்க முடியாது. ஒன்பதாவது நிமிடத்தில் யாராவது அழ வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அதையே திருப்பி எழுதினேன், டப்பாவும் சினிமாவும் சேர்த்து. அனுப்புவதற்கு முன் போனில் அத்தைக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். சிலதைத் திருத்தினார். பரிசு கிடைக்கவில்லை. முடிவில் அழுத்தம் போதவில்லை என்றார் ஒரு நடுவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். உண்மையாக இருப்பதாலேயே ஒரு நாடகம் நல்ல நாடகம் ஆகிவிடாது.

அம்மா அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு அத்தை கூப்பிட்டார்.

“எல்லாம் சரிடா. ஆனா நான் எங்கடா தியேட்டர்ல பாப்கார்ன் வாங்கினேன்? முறுக்கை முந்தானையில மறைச்சுல்ல கொண்டுபோவேன்!”

வாசித்துக் காட்டியபோது அது ஸ்கிரிப்டில் இல்லை. ஒத்திகையில், நடிகைக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நான்தான் சேர்த்தேன்.