குரலற்றோரின் வாக்கு

அரபி மொழியில் ‘ஸவ்த்’ என்னும் சொல்லுக்குக் குரல் என்பது பொருள். தேர்தலில் ஒருவர் அளிக்கும் வாக்கைக் குறிக்கவும் இக்கால அரபியர் அதே சொல்லைத்தான் ஆளுகின்றனர். ஜெர்மானியரும் அவ்வாறே; அவர்களுடைய ‘ஸ்டிம்மே’ குரலுமாகும், வாக்குமாகும். நம் தமிழோ இன்னும் ஒரு படி மேலே சென்று, வாய்ச்சொல்லையும், தேர்தலில் இடும் சீட்டையும், ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் உறுதிமொழியையும் ‘வாக்கு’ என்ற ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மூன்று மொழிகள் இவ்வொரு கருத்தில் ஒன்றுபடுவது சிந்தனைக்குரியது. வாக்களிப்பதென்பது பேசுவதேயாம்.

அப்படியாயின், பேச வாயில்லாதவற்றின் பொருட்டுப் பேசுபவர் யார்? காட்டு மரத்துக்கு வாக்கில்லை, ஆற்றுக்கு வாக்கில்லை, இன்னும் நூறாண்டு கழித்துப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கும் வாக்கில்லை. இவற்றுக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டு ஒரு சிறு கட்சி தேர்தலில் நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது ஆட்சிக்கு வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இடும் வாக்கு வீணாகுமா? வீணில்லை என்றால், எந்தக் கணக்கில்?

இவ்வினாக்களை ஏட்டளவில் வைத்து ஆராய வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மேற்கு ஜெர்மனியில் நடைபெற்ற பொதுத்தேர்தலே இவற்றுக்கு ஓர் உரைகல்லாக நிற்கிறது. அன்று பசுமைக் கட்சியினர் நூற்றுக்கு 5.6 வாக்குகள் பெற்று, 27 உறுப்பினர்களோடு முதன்முறையாக நாடாளுமன்றத்தினுள் நுழைந்தனர். மேற்கு பெர்லினிலிருந்து சென்ற ஒருவரையும் கூட்டினால் 28 பேர். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அமரும் அவையில் இது ஒரு மூலைக் கூட்டந்தான். எனினும் உலக நாளேடுகள் அச்சிறு கூட்டத்தை வியப்போடு நோக்கின.

அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதைப் பார்த்தால் அவ்வியப்பின் காரணம் விளங்கும். நாட்டின் தென்மேற்கே, ரைன் நதியோரத்தில், வீல் என்றொரு சிற்றூர். அங்கே அணுமின் நிலையம் கட்ட அரசு முனைந்தபோது, 1975 பிப்ரவரியில் சுற்றுவட்டாரத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் கட்டுமான நிலத்தில் போய் அமர்ந்துவிட்டனர். அவர்கள் புரட்சிக்காரர்களல்லர், வழிவழியாகப் பழமைக் கட்சிக்கே வாக்களித்து வந்த குடியானவர்கள். குளிர்விப்புக் கோபுரத்தின் நீராவி தம் கொடிகளுக்கு வெயில் படாமல் மறைத்துவிடுமே என்னும் கவலைதான் அவர்களை முதலில் எழுப்பியது. அந்நிலையம் கடைசிவரை கட்டப்படவேயில்லை. இத்தகைய உழவரும், நகரத்து மாணவரும், அணு ஆயுத எதிர்ப்பாளரும் ஒரே கூரையின்கீழ் கூடி 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்கிய கட்சி இது. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் அதற்குக் கிடைத்தது நூற்றுக்கு 1.5 மட்டுமே. கட்சியின் முகமாக விளங்கிய பெட்ரா கெல்லி, இதனைக் ‘கட்சிக்கு எதிரான கட்சி’ என்றே அழைத்தார். புற்றுநோய்க்குத் தம் இளைய தங்கையைப் பறிகொடுத்த அப்பெண்மணிக்குக் கதிரியக்கம் என்பது புத்தகச் சொல்லாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் தேர்தல் முறையைப் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்பதே நாம் அறிந்த முறை. அம்முறை மட்டும் இருந்திருப்பின் பசுமைக் கட்சிக்கு அன்று ஓரிடமும் கிட்டியிராது. எந்தத் தொகுதியிலும் அவர்கள் முதலிடம் பெறவில்லை. ஜெர்மானிய வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. இரண்டாவதன் விகிதப்படியே இடங்கள் பங்கிடப்படுகின்றன. ஆயினும் நூற்றுக்கு ஐந்தை எட்டாத கட்சிக்குப் பொதுவாகக் கதவு திறவாது. 1983இல் அந்த வாயிற்படியை அவர்கள் மயிரிழையில் தாண்டினர். 1990இல் நாட்டின் மேற்குப் பகுதியில் 4.8 பெற்று, அதே மயிரிழையில் வெளியே நின்றனர். பிரிட்டனிலோ 1989ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்நாட்டுப் பசுமைக் கட்சி இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் ஓரிடமும் அடையவில்லை. குரல் இருந்தது; அதைக் கேட்கும் செவியைச் சட்டம் அமைத்திருக்கவில்லை.

இனி, வீண் வாக்கு என்னும் வாதத்துக்கு வருவோம். 1983இல் சமூக ஜனநாயகக் கட்சியினர் மக்களிடம் சொன்னது வெகு எளிய கணக்கு: ‘பசுமைக்கு இடும் வாக்கு எங்களிடமிருந்து பிரிவது, அது ஹெல்முட் கோலுக்கே உதவும்.’ இதனை அற்பமான வாதமென்று தள்ளிவிடலாகாது. வாக்கைச் சாட்சியம் என்று கொள்வோர் உண்டு. சாட்சி சொல்பவனிடம் எந்தத் தரப்பு வெல்லும் என்று கேட்டுவிட்டா கூண்டில் ஏற்றுகிறோம் என்பது அவர்களுடைய கேள்வி. அழகிய கேள்விதான். ஆனால் சாட்சி நடந்ததைச் சொல்கிறான். வாக்காளனோ நடக்கப்போவதை ஆக்குகிறான். அவன் இடும் சீட்டின் பயனை அவனல்லாத பிறரும், அவனிலும் எளியோரும் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு தூய்மையாக இருந்தது என்று சொல்லி அவன் அப்பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

ஆகவே விளைவையே பார்ப்போம். அத்தேர்தலில் கோல் வென்றார். சமூக ஜனநாயகக் கட்சி தோற்றது. எண்கள் அவ்வளவில் எச்சரித்தவர்கள் பக்கமே. ஆனால் பின்பு நிகழ்ந்தது என்ன? நிலக்கரியை எரிக்கும் மின் நிலையங்களின் கந்தகப் புகை மழையோடு அமிலமாக இறங்கிக் காடுகளை அழிக்கிறது என்னும் அச்சம் அன்று ஜெர்மானியர் உள்ளத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் அவைக்கு ஊர்வலமாகச் சென்ற பசுமைக் கட்சியினர் பெரியதொரு பூகோளப் பந்தையும், நோயுற்ற ஊசியிலை மரத்தின் கிளையையும் ஏந்திச் சென்றனர். பலர் அதனை நாடகம் என்று நகைத்தனர். அவ்வாண்டு ஜூலையிலேயே கோல் அரசு பெரிய மின் நிலையங்களின் கந்தகப் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் அப்புகை பெருமளவு குறைந்துவிட்டது. 1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்து. ஜூனில் சுற்றுச்சூழலுக்கெனத் தனி அமைச்சகத்தையும் அதே கோல்தான் நிறுவினார்.

எல்லாப் புகழையும் அந்த 27 பேருக்கே சூட்டுதல் மிகையாகும். புகை வரம்பின் வரைவு முந்தைய ஆட்சியிலேயே உருப்பெறத் தொடங்கியிருந்தது. காடுகள் முற்றும் மடிந்துபோகும் என்று அன்று கூறியவர்களின் கணிப்பும் பலிக்கவில்லை. வரம்பு விதித்ததனால் ஒரு பகுதி, கணிப்பு மிகையாக இருந்ததனால் ஒரு பகுதி. ஆனால் நூற்றுக்கு 5.6 பேர் தம்மை விட்டு விலகினர் என்பதைக் கண்ட பெரிய கட்சிகள் அடுத்த 5.6 பேர் விலகுவதற்குமுன் விழித்துக்கொண்டன என்பதை யார் மறுப்பார்? எதிரியின் கைகளாலேயே தன் காரியம் நடந்தேறுமாறு செய்துகொள்வது சிறு கட்சிக்கு மட்டும் வாய்த்த ஒரு வல்லமை. அதற்கு விலையும் உண்டு: செய்தவன் பெயர் கல்வெட்டில் ஏறும்; செய்வித்தவன் பெயர் ஏறாது.

வாக்கு என்பதன் மற்றொரு பொருள் உறுதிமொழியன்றோ? அங்கேதான் அவர்கள் இடறினர். பதவி மனிதனைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய அவர்கள், உறுப்பினர் ஒவ்வொருவரும் இரண்டாண்டில் விலகிப் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் தரவேண்டும் என்று விதி செய்தனர். தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் ஊதிய அளவை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இயக்க நிதிக்கு வழங்கவேண்டும் என்பதும் விதி. பின்னதைப் பாராட்டாதார் இரார். முன்னதுதான் சிக்கலை விளைத்தது. பெரும்பாலோர் 1985இல் சொன்னபடி விலகினர். பெட்ரா கெல்லி விலக மறுத்தார். அந்நாட்டு அடிப்படைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உறுப்பினர் எவருடைய கட்டளைக்கும் உட்பட்டவரல்லர், தம் மனச்சான்றுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்கிறது. கொடுத்த வாக்குப் பெரிதா, மனச்சான்று பெரிதா?

கெல்லியின் செயலை நான் போற்றவுமில்லை, தூற்றவுமில்லை. ஆனால் அந்த விதியே பிழைபட்டதென்று கருதுகிறேன். அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காக்கத் தெரிந்தவனிடம் கொடுத்துவிட்டு, அவன் திருடிவிடுவானோ என்று இரண்டாண்டுக்கொருமுறை புதியவனிடம் மாற்றிக்கொண்டேயிருந்தால் திருட்டு நேராதிருக்கலாம், காவலும் நிகழாது. தன்மீதே ஐயங்கொள்வது ஒரு பண்பு. நம்பகம் வேறொரு பண்பு. முதலாவதைச் சட்டமாக்கினால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று அவர்கள் எண்ணினர். அவ்விதி பின்னர் கைவிடப்பட்டது.

இதனினும் கடிய சோதனை 1999இல் வந்தது. முந்திய ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டாட்சி அமைத்து, அவர்களுள் ஒருவரான ஜோஷ்கா ஃபிஷர் வெளியுறவு அமைச்சராகியிருந்தார். அகிம்சை அக்கட்சியின் தூண்களுள் ஒன்று. ஏவுகணைகளை எதிர்த்தே அவர்கள் வளர்ந்தனர். இப்போது கொசோவோவில் அல்பானிய மக்கள் வீடுகளிலிருந்து துரத்தப்படுகின்றனர், நேட்டோ குண்டுவீசுகிறது, ஐக்கிய நாடுகள் சபையின் அனுமதியோ இல்லை. நான்காண்டுகளுக்கு முன் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் படுகொலை செய்யப்பட்டதை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. இனியும் கைகட்டி நிற்பதா என்று அப்போதே தம் கட்சியினருக்கு நெடிய கடிதம் எழுதியவர் ஃபிஷர். 1999 மே 13ஆம் நாள் பீலஃபெல்ட் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் அவர்மீது சிவப்புச் சாயப்பை ஒன்று வீசப்பட்டது, செவிப்பறை காயமுற்றது. அந்த ஆடையோடேயே மேடையேறித் தம் வாதத்தைக் கூறினார். மாநாடு பிளவுபட்ட மனத்தோடு அவர் பக்கம் சாய்ந்தது.

கொசோவோவின் மக்களை எண்ணும்போது நம்மவர் பலர் ஃபிஷரே சரி என்பர். குண்டுகளில் மாண்ட செர்பியக் குடிமக்களும் மனிதரே என்று வீசியவர் கூறுவார், அதுவும் பொய்யன்று. நான் இங்கே நோக்குவது வேறொன்று. வாக்கை மீறவேண்டி வந்தபோது, எவருக்கு அவ்வாக்கைக் கொடுத்தாரோ அவர்கள் முகத்தெதிரே சென்று நின்று மீறினார். மூடிய அறையில் மீறுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. அரசியலில் இவ்வளவும் காண்பது அரிது.

வாயில்லாதவற்றின் குரல் என்று தொடங்கினோம். அது என்னவாயிற்று? 1990இல் மேற்கத்தியப் பசுமையினர் தோற்று, கிழக்கிலிருந்து வந்த எண்மர் மட்டுமே அவையில் இருந்த காலத்தில், 1994ஆம் ஆண்டு, அடிப்படைச் சட்டத்தில் 20அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வருங்காலத் தலைமுறைகளின்பால் தனக்குள்ள பொறுப்பை உணர்ந்து, உயிர்வாழ்வின் இயற்கை அடித்தளங்களை அரசு காக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஏட்டில் உறங்கும் நல்வாசகம் என்றே பலர் அதனைக் கருதினர். 2021ஆம் ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் அப்பிரிவையும் கையிலெடுத்து, 2019ஆம் ஆண்டுப் பருவநிலைச் சட்டம் சுமையை 2030க்குப் பிற்பட்டவர்மீது தள்ளிவிடுகிறது என்று கூறி, அதன் ஒரு பகுதியைச் செல்லாதென்று தீர்த்தது. சில மாதங்களுக்குள் அரசு அச்சட்டத்தைத் திருத்தியது.

அந்த வழக்கைத் தொடுத்தவர்களுள் ஜெர்மானிய இளைஞர்கள் இருந்தனர். வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சிலர் இருந்தனர். கடல் ஏறிவரும் கரையில் வாழும் வங்கதேசத்தவருக்கு பெர்லினில் வாக்கு ஏது? அவர்களும் வழக்காடலாம் என்று நீதிமன்றம் ஒப்பியது; அவர்கள் கோரிக்கையைமட்டும் ஏற்கவில்லை.