சொல்லாமல் விடுவது அன்பாகுமா?



வருகின்ற தவணையில் நம் பிள்ளைகள் சிலர் இலண்டனை விட்டு, வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அரையாண்டுக் காலம் படிக்கப் புறப்பட இருக்கின்றனர். 1987 இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு மாணவர் இவ்வாறு போய்வருவது வழமையாயிற்று. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின், 2021 இல் தொடங்கிய டூரிங் திட்டம் உலகின் பல பாகங்களுக்கும் செல்ல உதவியது. வீடுகளில் ஆயத்தங்கள் நடக்கின்றன. மிளகாய்த்தூள் பொதி செய்யப்படுகிறது. அந்த ஊரில் உறவினர் எவரேனும் உளரா என விசாரிக்கப்படுகிறது. பிள்ளையிடம் வாக்குறுதிகளும் வாங்கப்படுகின்றன: நாள்தோறும் பேசவேண்டும், கண்டபடி திரியக்கூடாது, படிப்பில் கவனம் வேண்டும்.

பிள்ளைக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதி என்ன? இதை நாம் சிந்திப்பது குறைவு.

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. அம்மம்மா ஆஸ்பத்திரியில் கடுமையாக இருந்தாலும், "பிள்ளைக்குச் சோதனை முடியட்டும், பிறகு சொல்லுவம்" என்று வீடு முழுவதும் ஒரே முடிவுக்கு வந்துவிடும். தொலைபேசியில் "எல்லாரும் சுகம்" என்பார்கள். இது சரியா என்பதே நம் கேள்வி.

1888 செப்டெம்பர் 4 ஆம் திகதி, பதினெட்டு வயதான மோகனதாஸ் காந்தி சட்டம் படிப்பதற்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தீண்டுவதில்லை எனத் தாயார் புத்லிபாயிடம் சத்தியம் செய்திருந்தார். இலண்டனில் அதைக் காத்தார். 1891 இல் பட்டம் பெற்று ஊர் திரும்பியபோதுதான் தாயார் காலமான செய்தி அவருக்குத் தெரியவந்தது. அந்நிய தேசத்தில் தம்பி தாங்கமாட்டான் என்று தமையனார் அதை மறைத்திருந்தார். மகன் தன் வாக்கைக் காத்த அதே வேளையில், வீடு அவரிடம் உண்மையை மறைத்தது.

தமையனார் தீயவர் அல்லர். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என வள்ளுவரே கூறியிருக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். ஆனால் அங்கே குற்றமற்ற நன்மை என்பதே நிபந்தனை. மறைத்தலில் குற்றம் இல்லையா எனப் பார்ப்போம்.

முதலாவது, துக்கம் பிள்ளைக்கும் உரியது. அதைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது, கணக்குத் தொழிலில் உள்ளோர் அறிவர், ஒரு கடனை ஏட்டில் எழுதாமல் விட்டால் அக்கடன் தீர்ந்துவிடாது. ஏடு முழுவதன்மீதும் நம்பிக்கை போய்விடும். ஒருமுறை மறைத்தால், அதன்பின் நாம் சொல்லும் ஒவ்வொரு "சுகம்" என்ற சொல்லும் ஐயத்துக்கு உரியதாகும். மூன்றாவது, நம்மைப் பார்த்துப் பிள்ளையும் மறைக்கப் பழகும். தன் காய்ச்சலையும் தனிமையையும் அதுவும் சொல்லாது விடும்.

கணிதமேதை இராமானுஜன் 1914 இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் வந்தார். ஊரில் இருந்த மனைவி ஜானகிக்கும் அவருக்கும் இடையிலான கடிதங்கள் தாயாரால் தடுக்கப்பட்டன என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1917 இல் நோய்வாய்ப்பட்டு, 1919 இல் ஊர் திரும்பி, 1920 இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். நோய்க்குக் கடிதங்கள் காரணமல்ல. ஆயினும் அந்தத் தனிமையில் அவை ஆறுதலாக இருந்திருக்கும்.

அகதிகளாய் இந்நாட்டுக்கு வந்த நமக்கு இது புதிதன்று. 1990 இன் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தோடு தொலைபேசித் தொடர்பு இருக்கவில்லை. தாய் தந்தையரின் மரணச் செய்தி வாரங்கள் கழித்து வந்துசேர்ந்த வீடுகள் நம்மிடையே எத்தனையோ. வந்தபோதும், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் இருந்தவர்கள் கொள்ளி வைக்கப் போகமுடியவில்லை. போகமுடியாதவனுக்குச் சொல்லி என்ன பயன் என்று அன்று மறைத்தோரிடம் ஒரு நியாயமாவது இருந்தது. கடவுச்சீட்டோடு போகும் நம் பிள்ளைக்கு மறுநாளே வீடு வந்துசேர வழி உண்டு. யுத்தம் நமக்குச் செய்ததை நாம் விரும்பி அவர்களுக்குச் செய்யலாமா?

சிறு தடிமனையும் இருமலையும் உடனுக்குடன் அறிவித்துப் பிள்ளையைக் கலங்கவைக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. சோதனை மண்டபத்துக்குள் நுழையும் நேரத்தில் சொல்லாமல், அன்று மாலை சொல்லலாம். தனியே இருக்கும்போது சொல்லாமல், ஒரு நண்பர் அருகிலிருக்கச் சொல்லலாம். துயருற்ற மாணவர் சோதனையைப் பின்போட இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வழிமுறைகளும் உண்டு. சில மணி நேரம் பொறுப்பது பக்குவம். ஒரு தவணை முழுவதும் மறைப்பது வேறு.

ஆகவே, பெட்டி கட்டும் முன்னர் பிள்ளையை அருகிருத்திக் கேட்போம்: "வீட்டில் ஏதும் நடந்தால் உனக்கு எப்படிச் சொல்லவேண்டும்?" அது சொல்வதைக் கேட்டு, அதன்படி நடப்போம் என வாக்குக் கொடுப்போம். அதன்பின் பிள்ளையிடம் வாக்குக் கேட்போம்.